ஸ்கிரீன் மட்டும் நல்லதா இருந்தால் போதும்

மூடிக் கட்டிய சாக்கை நான் வாங்குவதில்லை. உக்குவளையில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற கடை என்னுடையது. யட்டவத்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் சாக்கோடு வந்து இறங்கினால், வாயை அவிழ்த்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்த பிறகுதான் தராசுப் பக்கம் திரும்புவேன். மேலே காய்ந்த மிளகு, அடியில் ஈரம். மேலே மிளகு, நடுவில் பப்பாசி விதை. கராம்பு என்று சொல்லிக் கொண்டுவந்ததில் பாதி காம்பு. எல்லாம் பார்த்தாச்சு. "என்ன முதலாளி, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இல்லை. நம்பிக்கை இருந்திருந்தால் கடையை எப்போதோ இழுத்து மூடியிருப்பேன்.

இந்தப் புத்தி கடையோடு நிற்பதில்லை என்பதுதான் என் மனைவியின் நெடுநாள் குறை. "மீன்காரன்கிட்ட செவுளத் தூக்கிப் பாக்கலாம். கல்யாண வீட்டுலயும் பாயாசத்த மோந்து பாத்துட்டுத்தான் குடிக்கணுமா?" என்பாள். ஒரு தரம் அப்படிச் செய்தேன், உண்மைதான். அந்தப் பாயாசத்தில் போட்டிருந்த ஏலக்காய் பழசு. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அவள் தமிழ் டைப் அடிக்கிறவள். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் மேசை, லேப்டாப், அவள். மாத்தளையில் ஒரு அச்சகம் அவளை வைத்துத்தான் தமிழ் வேலையே எடுக்கிறது. டியூஷன் மாஸ்டர்மார் கையால் எழுதித் தருகிற கேள்வித்தாள், கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே செய்கிற தொழில். விசைப்பலகையைக் குனிந்து பார்க்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. கண் கையெழுத்தில் இருக்கும், விரல் தன் பாட்டுக்கு ஓடும். பக்கத்தில் நின்று நான் ஏதாவது கேட்டால் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே வரியை முடித்துவிடுவாள். அதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அவளிடம் சொன்னதில்லை.

பிரச்சினை ஒரு கேள்வித்தாளில் ஆரம்பித்தது. கணக்கு மாஸ்டர் ஒருவர் தாளை ஆட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். மூன்று வர வேண்டிய இடத்தில் எட்டு அச்சாகியிருக்கிறது, பிள்ளைகள் மண்டையை உடைத்தும் விடை வரவில்லை, தாய்தகப்பன் எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டார்களாம். மனைவி அறையிலிருந்து வெளியே வந்து மன்னிப்புக் கேட்டாள். "ஸ்கிரீன் மங்கிப் போச்சு சேர். புதுசு வாங்கினா சரியாகிரும்," என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அடித்ததில் இப்படி ஒரு பிழை வந்து நான் கண்டதில்லை.

மாஸ்டர் போன பிறகு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "இந்தப் பேச்சு நமக்குத் தேவையா? போதும், விட்டுரு. கடையில என்ன குறைச்சல்?" என்றேன்.

அவள் சண்டைக்காரி இல்லை. அன்றைக்குத்தான் அவள் குரல் உயர்ந்தது. "வேற எதை வேணும்னாலும் சொல்லுங்க. இந்த வேலைய மட்டும் விடச் சொல்லாதீங்க. இது என்னோடது."

அதே கிழமை பழைய லேப்டாப்பும் செத்தது. பற்றரி வீங்கி மூடி மூடவில்லை, திறந்தால் கறுப்பு. தவணைப் பரீட்சை வரப் போகிற நேரம். கேள்வித்தாள்கள் கட்டுக்கட்டாக வந்து காத்திருந்தன. இந்தத் தவணை வேலை கைவிட்டுப் போனால் அச்சகக்காரர் கண்டியில் ஆள் பார்த்துவிடுவார், பிறகு திரும்பி வராது. அது எனக்கும் தெரியும். ஆகவே புதுசு வாங்குவது என்று முடிவாயிற்று. என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டேன்.

"ஸ்கிரீன் மட்டும் நல்லதா இருந்தாப் போதும். மத்தது எப்பிடி இருந்தாலும் பரவாயில்ல," என்றாள்.

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். கடை தொடங்கிய புதுசில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல முழுச் சாதிக்காய் குவித்து வைத்திருந்தேன், திரும்பியும் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த நொறுங்கினதும் புழு அரித்ததும் மட்டும் போதும் என்றார். பாவம், ஏழை வியாபாரி என்று நினைத்து அடிமாட்டு விலைக்கு அள்ளிக் கொடுத்தேன். எண்ணெய் வடிக்கிறவர்கள் அந்த நொறுங்கல்தான் வேண்டுமென்று அலைகிறார்கள் என்பது பிறகுதான் தெரிய வந்தது. அன்றைக்குப் படித்த பாடம் இது: குவியலில் ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கேட்கிறவனுக்கு உனக்குத் தெரியாத ஒன்று தெரியும்.

டைப் அடிக்கிறவளுக்கு ஸ்கிரீன் எதற்கு? கீபோர்ட் நல்லதாகக் கேட்டால் நியாயம். படம் பார்க்கிறவள் என்றாலும் சரி. இவள் டிவி நாடகம் கூட ரேடியோ மாதிரி காதால்தான் கேட்பாள், வெங்காயம் உரித்துக்கொண்டு. பளபளவென்று ஸ்கிரீன் யாருக்குத் தேவை? கேம் விளையாடுகிற இளந்தாரிகளுக்கு.

அப்போதுதான் எனக்கு அவள் தங்கச்சி ஞாபகம் வந்தாள். தங்கச்சி மாத்தளையில் இருக்கிறாள், பாலர் பாடசாலை டீச்சர். அவள் மகனுக்கு அந்த வருடம்தான் கம்பஸ் கிடைத்திருந்தது, அதுவும் பொறியியல். கம்பஸ் போகிற பிள்ளைக்கு லேப்டாப் வேண்டும். இங்கே அக்காவுக்கு லேப்டாப் வாங்குகிறார்கள். கணக்குச் சரியாக வந்து விழுந்தது.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் அதற்கே சாட்சியாக இருந்தது. சில மாதங்களாகவே அக்காவும் தங்கச்சியும் போனில் மணிக்கணக்காகப் பேசிக்கொள்வார்கள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. கராம்பு அள்ளுகிற சாட்டில் அந்தப் பக்கம் போய்க் காதை வைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வைத்தேன். "மெதுவா சொல்லு... திரும்ப ஒருக்கா சொல்லு... சரி, அடுத்தது," என்று இவள் குரல் மட்டும் கேட்டது. என்னென்ன வேண்டுமென்று மகன் சொன்னதை அவள் ஒப்பிக்கிறாள், இவள் குறித்துக்கொள்கிறாள். வேறென்ன?

இன்னொரு நாள் இரண்டு பேருமாகக் கண்டிக்குப் போனார்கள். சாரி எடுக்க என்று சொல்லிப் போனவள் வெறுங்கையோடு வந்தாள். கண் சிவந்து நீர் வடிந்தது. வாசலில் வெயில் பட்டதும் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தாள். "பஸ்ஸுல ஒரே தூசி," என்றாள். மாத்தளைக்கும் கண்டிக்கும் நான் போகாத பஸ்ஸா? யாருக்குக் காது குத்துகிறாள்? தங்கச்சி அழுதிருப்பாள், இவளும் சேர்ந்து அழுதிருப்பாள், லேப்டாப் விஷயம் அங்கே முடிவாகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கெட்டிக்காரன். நேரே வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். என் தலைக்கு மேலால் கொண்டுபோவதுதான் பொறுக்கவில்லை. என் கடைக்குள்ளேயே அடியில் ஈரச் சாக்கா?

முதலில் நான் தனியாகப் போய் விசாரித்தேன். மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் முஸ்லிம், ஊருக்கே நானா, என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு, நல்ல சிரித்த முகம். சிரித்த முகத்தைக் கண்டால் எனக்கு ஆகாது.

"வைஃப் என்ன வேலைக்குப் பாவிக்கப் போறாங்க முதலாளி?"

"டைப் அடிக்க."

"அப்ப பெரிய ப்ரொசெஸர் ஒன்னு போடுவோம். சும்மா பறக்கும்."

"டைப் அடிக்க என்னத்துக்குப் பறக்கணும்? விரல் போற வேகத்துலதானே எழுத்து வரும்?"

நானா தலையைச் சொறிந்துகொண்டு அந்தப் பேச்சை விட்டார். அவ்வளவு சுலபமாக விட்டதும் சந்தேகம்தான். லாபம் வேறொன்றில்தான் நிறைய போலிருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன். அடுத்து கிராஃபிக்ஸ் கார்ட் என்றார். மரண அறிவித்தலுக்கு எதற்கு கிராஃபிக்ஸ் கார்ட் என்று கேட்டேன். இலவசமாக ஒரு பேக் தருவதாகச் சொன்னார். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மெமரிக்கு வந்தோம். எட்டு ஜீபீ போதுமா, பதினாறு வேண்டுமா என்று பேச்சு. எனக்கு ஜீபீயும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆனால் சாக்கு தெரியும். "கழட்டிக் காட்டுங்க," என்றேன்.

"என்னது?"

"அடிப்பக்கத்தைக் கழட்டுங்க. உள்ளுக்கு என்ன இருக்குன்னு பாக்காம நான் எதையும் எடுக்கிறதில்ல."

"அல்லாஹ்வே! முதலாளி, இது மிளகு இல்ல!" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடைசியில், புதுசில் கை வைக்க ஏலாது, காட்சிக்கு வைத்திருப்பதைக் கழற்றுகிறேன் என்று சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்தார். இரண்டு வகையைக் கழற்றிக் காட்டினார். ஒன்றில் மெமரி போர்டோடு ஒட்டியே இருந்தது. "இது இவ்வளவுதான், பிறகு கூட்ட ஏலாது." மற்றதில் ஒரு துண்டு செருகியிருந்தது, பக்கத்தில் காலியாக ஒரு இடம். "இதுல எப்ப வேணும்னாலும் இன்னொன்னு போடலாம். இப்ப எட்டே போதும்." சேமிப்புக்கு உள்ள எஸ்எஸ்டியையும் விரலால் தொட்டுக் காட்டினார், அதையும் பிறகு பெரிசாக மாற்றலாமாம்.

சந்தேகப்பட்டுக் கழற்றச் சொன்னதில் ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. பிறகு கூட்டக்கூடியதற்கு இன்றைக்கே அள்ளிக் கொடுக்கத் தேவையில்லை. பிறகு மாற்ற முடியாதது எதுவோ அதில்தான் வாங்குகிற அன்றைக்கே கவனம் வேண்டும். "அப்ப இதுல பிறகு மாத்த ஏலாதது எது?" என்று கேட்டேன்.

நானா யோசிக்கவே இல்லை. "ஸ்கிரீன்தான் முதலாளி. மாத்தலாம்னு சொல்லுவாங்க. மாத்துற செலவுக்கு வாங்கும்போதே நல்லத எடுத்தா மண்டையிடி இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சொன்ன அதே சொல். "என் வைஃப் ஏற்கனவே இங்க வந்தாங்களா?"

நானா கொஞ்சம் தடுமாறினார். "போன கிழமை ரெண்டு பேர் வந்தாங்க, அக்காவும் தங்கச்சியும். உக்குவளை, மிளகுக் கடைன்னாங்க. வேற ஒன்னும் கேக்கல. ஸ்கிரீனைத்தான் மாத்தி மாத்திப் பாத்தாங்க. தங்கச்சி போன்ல படம் எடுத்து மகனுக்கு அனுப்பினாங்க."

மகனுக்கு! குட்டு வெளிப்பட்டுவிட்டது. வீடு வந்து சேரும் வரைக்கும் எனக்குள் ஒரு வெற்றிக் களிப்பு. சாப்பிடும்போது அவள் முகத்தையே பார்த்தேன். "என்னங்க, உப்புக் கூடவா?" என்று கேட்டாள். "உப்பெல்லாம் சரி," என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கேள்வித்தாள் கட்டு அறையில் ஏறிக்கொண்டே இருந்தது, இனியும் தள்ள முடியாது. மேசையில் நானா இரண்டு லேப்டாப்பை வைத்தார். வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், உள்ளுக்கும் ஒன்றுதான். ஒன்றில் சாதாரண ஸ்கிரீன், மற்றதில் நல்லது. அவள் முதல் வேலையாகப் பென் டிரைவைக் கொடுத்து, தன் தமிழ் டைப்பையும் தான் அடித்த பழைய கேள்வித்தாள் ஒன்றையும் இரண்டிலும் ஏற்றச் சொன்னாள். நானா ஏற்றுகிற நேரத்தில், பக்கத்துத் தெருவில் அச்சகத்துக்கு ஒரு புரூஃப் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனாள்.

எனக்கு வேண்டியதும் அதுதான். என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் சரக்குத் தெரிந்து கேட்கிறானா, அல்லது யாரோ சொல்லிக்கொடுத்துக் கேட்கிறானா என்று அறிய, இரண்டு தட்டில் இரண்டு தரம் வைத்து, எது எதுவென்று சொல்லாமல் முன்னால் தள்ளுவோம். தெரிந்தவன் தொட்டதுமே சொல்வான். சொல்லிக்கொடுத்ததைக் கேட்கிறவன் முழிப்பான். இவள் முழிப்பாள் என்பது எனக்கு நிச்சயம். அதோடு இன்னொன்றும் செய்தேன். போனில் ஒரு வரி எழுதி நானாவுக்கு அனுப்பி, இரண்டிலும் அவளுடைய கேள்வித்தாளுக்குப் பதிலாக அதே எழுத்தளவில் போடச் சொன்னேன். வரி இதுதான்:

இந்தக் கம்ப்யூட்டர் உனக்கா, இல்லை உன் தங்கச்சி மகனுக்கா?

நானா அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரித்த முகத்தில் சிரிப்பு இல்லை. "முதலாளி... இதப் போடத்தான் வேணுமா?"

"போடுங்க."

"குடும்பத்து விஷயம்..."

"நீங்க போடுங்க நானா."

போட்டார். அவள் திரும்பி வந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக வெயில் மேசை மேல் விழுந்திருந்தது. சாதாரண ஸ்கிரீன் உள்ளதை முதலில் அவள் பக்கம் திருப்பினேன். "எது விலை கூடினதுன்னு சொல்ல மாட்டேன். பாத்துச் சொல்லு."

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இப்போது கத்துவாள். அல்லது அழுவாள். அல்லது நானாவுக்கு முன்னால் என் மானத்தை வாங்குவாள். எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "எழுத்து சுத்தமாத் தெரியுது."

நான் அசந்துபோனேன். இவ்வளவு நெஞ்சழுத்தமா? "என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்," என்று சிரித்தாள். "கேள்வித்தாள்தானே. நான் அடிச்சது எனக்குத் தெரியாதா?"

நானா குனிந்து மேசையில் இல்லாத தூசியைத் தட்ட ஆரம்பித்தார்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றுமே விளங்கவில்லை. அந்த வரி அங்கேயே இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து எனக்கே வாசிக்க முடிந்தது. அவள் நடிக்கவில்லை. நடிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நாள் முழுக்க அதைப் பார்த்துத்தான் சோறு தின்கிறேன். அவள் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதில் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

மற்றதைத் திருப்பாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அந்த வரியை அழிக்கச் சொல்லி நானாவுக்குக் கண் காட்டினேன். அதற்குள் அவளே கையை நீட்டி நல்ல ஸ்கிரீன் உள்ளதைத் தன் பக்கம் இழுத்துவிட்டாள். வெளிச்சம் கூடியது, பளபளப்பில்லாதது, வெயில் அதில் தெறிக்கவில்லை. கொஞ்சம் குனிந்தாள். அவள் உதடு சொல் சொல்லாக அசைந்தது. பாதியில் நின்றது. திரும்ப முதலிலிருந்து அசைந்தது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

கத்தவில்லை. விரலை விசைகளில் வைத்தாள். கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமலே அடித்தாள். கடையில் அந்த டக் டக் சத்தம் மட்டும் கேட்டது. அடித்து முடித்து லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். என் வரிக்குக் கீழே, ஒரு எழுத்துப் பிழையில்லாமல்:

எனக்குத்தான். ரெண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குக் காலம் இருக்கிறது என்று கண்டியில் டொக்டர் சொன்னார். கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்புவேன், தங்கச்சிதான் போனில் வாசித்துச் சொல்கிறாள். வேலையை விடச் சொல்லாதீங்க.

எனக்கு முதலில் வந்தது கோபம். என்னிடம் மறைத்தாளே என்று. அது போய்ப் பயம் வந்தது. பிறகு கடைசி வரிக்கு வந்தேன். உண்மையைச் சொன்னால், "விட்டுரும்மா" என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்தே விட்டது. நான் சொல்லுமுன்பே அதற்குப் பதிலை அவள் அடித்து வைத்திருந்தாள். வந்த சொல்லை விழுங்கினேன்.

"என்ன முதலாளி, வித்தியாசம் தெரியுதா?" என்று நானா மெல்லக் கேட்டார், என்ன கேட்பது என்று தெரியாமல்.

"இதையே போடுங்க," என்றேன். "மெமரி எட்டு போதும். மத்தது எதுவும் வேணாம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் இருந்தாள். லேப்டாப் பெட்டி அவள் மடியில். பஸ் கிளம்பியதும் அவளே ஆரம்பித்தாள். "அவன் ஸ்கொலர்ஷிப்ல சொந்தமா வாங்கி எத்தினையோ நாளாச்சு. பெரியம்மா கண்ணுக்கு எந்த ஸ்கிரீன் நல்லதுன்னு பாத்துச் சொன்னதே அவன்தான். நீங்க என்னடான்னா அவனயே..."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா?" என்று என் பக்கம் திரும்பினாள். "சொல்லியிருந்தா கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருப்பீங்களா?"

தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறி ஒன்று பஸ்ஸுக்கு முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தவணை வேலை முழுவதையும் அவள் முடித்துக் கொடுத்தாள். கணக்கு மாஸ்டர் திரும்பவும் வந்தார், இந்த முறை அடுத்த கட்டோடு. ஆபரேஷன் நாள் இன்னும் வரவில்லை. ஸ்கிரீன் நல்லதாக வந்துவிட்டது. கையெழுத்துக் காகிதத்துக்கு நல்ல ஸ்கிரீன் போட முடியாதே. தங்கச்சி பாவம், பாலர் பாடசாலை முடித்து வந்து தொண்டை வரள வாசிக்கிறாள். அதனால் கடை சும்மா இருக்கிற நேரங்களில் பின்னறையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நான் வாசிக்கிறேன்.

என் வாசிப்பில் அவளுக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. நேற்றும் வரலாற்றுக் கேள்வித்தாள் ஒன்று. மாஸ்டரின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. ஓரிடத்தில் விளங்காமல் மெல்லத் தாண்டினேன். அவள் விரல் நின்றது.

"ஆறாவது எங்க?"

"எந்த ஆறாவது?"

"அஞ்சு முடிஞ்சி ஏழுக்குப் போறீங்க. எனக்கேவா காது குத்துறீங்க? தங்கச்சி வாசிச்சா அப்பிடியே எடுப்பேன். உங்க சாக்குல அடி வரைக்கும் கைய விட்டுத்தான் பாக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அப்போதுதான் தற்செயலாக ஸ்கிரீன் கண்ணில் பட்டது. போன கிழமை பார்த்ததைவிட எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். அதற்கு முந்தின கிழமையைவிடப் போன கிழமையும் பெரிசுதான்.

"நல்லாத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"சுத்தமாத் தெரியுது. நீங்க வாசிங்க."

நான் ஸ்டூலை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டேன். "ஆறாவது கேள்வி," என்று ஒவ்வொரு சொல்லாக வாசிக்க ஆரம்பித்தேன்.